15 வருஷம், 3 படம்: நந்திதா தாஸ் ஏன் ‘அதுக்கு அப்புறம்’ கதைகளையே எடுக்கிறார்?

‘அழகி’ தனலட்சுமி. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஷ்யாமா. ‘நீர்ப்பறவை’யில் வயதான எஸ்தர். நந்திதா தாஸ் என்றதும் தமிழ் ரசிகர்களுக்கு இந்த மூணு முகம்தான் முதலில் ஞாபகம் வரும். மம்மூட்டியோடு நடித்த ‘விஸ்வதுளசி’யையும் சேர்த்தால் நாலு. நம்மில் பலர் இதையெல்லாம் தியேட்டரில் பார்த்ததுகூட கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் பார்த்ததுதான்.

நடிப்பது குறைந்து, அவர் கேமராவுக்குப் பின்னால் போய் ரொம்ப காலம் ஆகிறது. இயக்குநராக அவர் கணக்கில் மூன்று முழுநீளப் படங்கள். ‘ஃபிராக்’ 2008-ல். ‘மண்ட்டோ’ 2018-ல். ‘ஸ்விகாட்டோ’ 2022-ல் டொரன்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2023 மார்ச்சில் தியேட்டருக்கு வந்தது. எதுவும் வசூலில் பெரிதாகப் போகவில்லை. அப்புறம் ஏன் இவரைப் பற்றிப் பேசணும்?

மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். கலவரம் முடிந்து ஒரு மாதம் கழித்து. நாடு இரண்டான பிறகு. வேலை போன பிறகு. செய்தி சேனல்கள் ‘பிரேக்கிங்’ போடுகிற அந்தப் பெரிய சம்பவம் பெரும்பாலும் திரைக்கு வெளியே நடந்து முடிந்திருக்கும். மிஞ்சியவர்கள் அடுத்த நாள் எப்படிக் கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரை எப்படி நேருக்கு நேர் பார்க்கிறார்கள், யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்பதுதான் படம். ‘மண்ட்டோ’ மட்டும் 1946-லேயே தொடங்குகிறது. ஆனால் அதன் கனமும் லாகூரில் நடக்கும் பின்பகுதியில்தான்.

இந்த ‘அதுக்கு அப்புறம்’ அவருக்கு எங்கிருந்து வந்தது?

தெருவில் தொடங்கியது

நந்திதாவின் அப்பா ஜதின் தாஸ் ஒடிசாவைச் சேர்ந்த ஓவியர். அம்மா வர்ஷா தாஸ் எழுத்தாளர். வளர்ந்தது டெல்லியில். சினிமாக் குடும்பம் இல்லை, நடிப்புப் பள்ளியும் இல்லை. கல்லூரியில் புவியியல், பிறகு சமூகப் பணியில் முதுகலை. நடிப்பு அறிமுகமானது ‘ஜன நாட்டிய மஞ்ச்’ என்ற வீதி நாடகக் குழுவில்.

அந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1973-ல் தொடங்கியது. தொழிற்சாலை வாசல், பஸ் ஸ்டாப், குடிசைப் பகுதி, எங்கே ஆள் கூடுகிறதோ அங்கே நாடகம். மேடை, திரை, லைட் எதுவும் கிடையாது. நம்மூரில் பிரளயனின் சென்னைக் கலைக்குழுவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குழுவை உருவாக்கியவர்களில் ஒருவரான சஃப்தர் ஹாஷ்மி, 1989 ஜனவரி 1 அன்று டெல்லியை ஒட்டிய சாஹிபாபாத்தில் தொழிலாளர்கள் மத்தியில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்துபோனார். அவருக்கு வயது 34. நாடகம் போட்டதற்காக உயிரே போகலாம் என்று தெரிந்த ஒரு வட்டத்தில்தான் நந்திதாவின் ஆரம்ப காலம் கழிந்தது.

சினிமாவுக்கு வந்த பிறகும் அது விடவில்லை. தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ 1998 கடைசியில் இந்தியாவில் வெளியானபோது மும்பை, டெல்லி தியேட்டர்களை சிவசேனா கட்சியினர் அடித்து நொறுக்கினார்கள். இரண்டு பெண்களுக்கு இடையிலான காதல் கதை அது. ஏற்கெனவே தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய படம் மறுபடியும் தணிக்கைக்குப் போய்த் திரும்பி வந்தது. அடுத்து 2000-ல் ‘வாட்டர்’. காசியில் விதவைகள் வாழ்க்கை பற்றிய கதை. அந்த வேடத்துக்காக ஷபானா ஆஸ்மியும் நந்திதாவும் மொட்டை அடித்துக்கொண்டு தயாரானார்கள். கும்பல் வந்து செட்டையே உடைத்துப் போட்டது, படப்பிடிப்பு நின்றது. சில வருடம் கழித்து இலங்கையில், வேறு நடிகர்களை வைத்து அந்தப் படம் எடுக்கப்பட்டது. நந்திதா அதில் இல்லை.

நடுவில் 1998-ல் வந்த ‘எர்த்’. பிரிவினைக் காலத்து லாகூர், ஆமிர் கான் ஜோடி. ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா சாந்தா வேடம். கடைசியில் அவளை ஒரு கும்பல் இழுத்துக்கொண்டு போகும். படம் கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு சாந்தாவுக்கு என்ன ஆச்சு? படம் சொல்லாது. பத்து வருடம் கழித்து நந்திதா இயக்குநராக எடுத்த முதல் படம், அந்தக் கேள்வி எழும் இடத்தில் இருந்து தொடங்குகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

தமிழில் அவர் செய்ததும் இதேதான்

‘அழகி’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ இரண்டும் 2002-ன் தொடக்கத்தில் வந்தவை. ‘அழகி’யில் தனலட்சுமி, சண்முகத்தின் பள்ளிக்காலக் காதலி. ஆனால் தங்கர் பச்சான் அவளை நம் முன்னால் நிறுத்துவது எல்லாம் முடிந்த பிறகுதான். கணவன் இறந்து, கையில் பிள்ளையோடு, சென்னையில் பிளாட்பாரத்தில். பிறகு பழைய காதலன் வீட்டிலேயே வேலைக்காரியாக. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஷ்யாமா, ராமேஸ்வரம் அகதி முகாமில் குழந்தையைப் பெற்றுவிட்டுப் போருக்குத் திரும்பியவள். மகள் ஒன்பது வருஷம் கழித்துத் தேடிக்கொண்டு வந்து கேள்வியாகக் கேட்கும்போது அவளிடம் பதில் இல்லை. மொத்தப் படத்தில் அவருக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். ஆனால் கிளைமாக்ஸ் அவர் தோளில்தான் நிற்கிறது.

2012-ல் வந்த சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ இதைவிட நேரடி. இளம் எஸ்தராக சுனைனா. காதல், கல்யாணம் எல்லாம் அவர் பங்கு. கடலுக்குப் போன கணவன் என்ன ஆனான் என்ற ரகசியத்தை 25 வருஷம் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நந்திதாவின் பங்கு.

இயக்குநர்கள் அவரை ஏன் இப்படியே பார்த்தார்கள்? நிறம் ஒரு காரணம் என்று தயங்காமல் சொல்லலாம். படித்த, வசதியான பெண் வேடம் என்றால் மேக்கப்பில் கொஞ்சம் வெளுப்பாக்கிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். கிராமத்துப் பெண், கூலிப் பெண் என்றால் அந்தக் கேள்வி வராது. சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-ல் தொடங்கிய, ‘கறுப்பும் அழகுதான்’ என்று சொல்லும் பிரசாரத்துக்கு 2013-ல் அவர் முகமானபோது அது நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஃபேர்னஸ் கிரீம் விளம்பரத்தில் நட்சத்திரங்கள் வரிசைகட்டி நின்ற காலம் அது.

அடுத்தவர் எழுதிய வேடத்துக்குள் தன் முகம் எங்கே பொருந்தும் என்று பார்த்துக்கொண்டே இருந்த ஒருவர், ஒரு கட்டத்தில் கதையையே தான் எழுதலாம் என்று முடிவெடுத்தால் அதில் ஆச்சரியம் இல்லை. இது என் ஊகம்தான்.

‘ஃபிராக்’: ரத்தம் காட்டாத கலவரப் படம்

‘அழகி’ ஓடிக்கொண்டிருந்த அதே 2002 தொடக்கத்தில்தான் குஜராத் கலவரம். ‘ஃபிராக்’ அதற்கு ஒரு மாதம் கழித்து, 24 மணி நேரத்தில் நடக்கிறது. ஃபிராக் என்ற உருதுச் சொல்லுக்குப் பிரிவு என்றும் பொருள், தேடல் என்றும் பொருள்.

ஐந்தாறு வீடுகளுக்குள் படம் மாறி மாறிப் போகும். ஆரத்தி (தீப்தி நவல்) ஒரு நடுத்தரக் குடும்பத்து இல்லத்தரசி. கலவர நாளில் உதவி கேட்டுக் கதவைத் தட்டிய பெண்ணுக்கு அவள் கதவைத் திறக்கவில்லை. முனீரா (ஷஹானா கோஸ்வாமி), ஹனீஃப் (நவாசுதீன் சித்திக்கி) தம்பதி திரும்பி வந்தால் வீடு எரிந்து கிடக்கிறது. யார் எரித்தது என்று தெரியாது, அதனால் நெருங்கிய இந்துத் தோழி மேலேயே சந்தேகம். சமீர் பெரிய வீட்டுப் பையன், மனைவி இந்து. முழுப் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் அவன் தொண்டை அடைக்கிறது. வயதான பாடகர் கான் சாஹிப் (நசிருதீன் ஷா) வழக்கமாகப் போகும் பாதையில் கவிஞர் வலியின் சமாதி இருக்கும். ஒருநாள் அந்த வழியே போகிறார். சமாதி இல்லை, வெறும் தார் ரோடு.

கடைசியாகச் சொன்னது கற்பனை இல்லை. அகமதாபாத்தில் வலி குஜராத்தியின் சமாதி அந்தக் கலவரத்தில் இடிக்கப்பட்டு, அதன் மேல் சாலை போடப்பட்டது. போலீஸ் கமிஷனர் அலுவலகம் பக்கத்திலேயே.

படத்தில் வெட்டு, குத்து நேரடியாக வருவது ரொம்பக் குறைவு. கலவரப் படம் என்றாலே தீ, ஓட்டம், அலறல் என்று பழகிய நமக்கு இது முதலில் ‘ஸ்லோ’வாகத் தெரியும். பயம் வேறு வழியில் வரும். ஒரு ஆட்டோ சத்தம், கதவைத் தட்டும் சத்தம், அவ்வளவுதான்.

ஒளிப்பதிவு ரவி கே. சந்திரன், படத்தொகுப்பு ஸ்ரீகர் பிரசாத். ஆமாம், ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ செய்த அதே இரண்டு பேர். அந்தப் படத்துக்கும் இந்தப் படத்துக்கும் ஸ்ரீகர் பிரசாத் தேசிய விருது வாங்கினார். நடிகையாகப் போன செட்டில் யார் எப்படி வேலை செய்கிறார்கள் என்று நந்திதா கவனித்து வைத்திருக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நடுவில் பத்து வருஷம் என்ன ஆனார்?

சும்மா இருக்கவில்லை. 2005-லேயே கான் திரைப்பட விழாவின் பிரதான நடுவர் குழுவில் இருந்தவர். 2009-ல் இருந்து 2012 வரை அரசின் குழந்தைகள் திரைப்படச் சங்கத்தின் தலைவர். 2012-ல் ‘பிட்வீன் த லைன்ஸ்’ நாடகத்தைச் சேர்ந்து எழுதி, இயக்கி, நடித்தார். ஒரே வழக்கில் எதிரெதிராக வாதாடும் வக்கீல் தம்பதி பற்றியது.

இருந்தாலும் படத்துக்கும் படத்துக்கும் பத்து வருஷம் என்பது சாதாரணம் இல்லை. பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. நடிகை ரேவதி இயக்கிய ‘மித்ர், மை ஃபிரெண்ட்’ 2002-ல் வந்து தேசிய விருது வாங்கியது. ‘ஃபிர் மிலேங்கே’ 2004-ல். அடுத்த முழுநீளப் படம் ‘சலாம் வெங்கி’ வந்தது 2022-ல். நடுவில் 18 வருஷம். இன்னொரு பக்கம் தனுஷைப் பாருங்க. ‘ராயன்’, ‘நிலவுக்கு என் மேல் என்னடி கோபம்’, ‘இட்லி கடை’ என்று 2024 ஜூலையில் இருந்து 2025 அக்டோபருக்குள் மூன்று படம் இயக்கிவிட்டார். நந்திதாவுக்கு 15 வருஷம் ஆனது அவருக்கு 15 மாதம்.

இதில் தனுஷ் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர் பெயரே வியாபாரம், பின்னால் சொந்தத் தயாரிப்பு நிறுவனமும் இருக்கிறது. நடிகர் இயக்குநராவது இரண்டு விதம் என்றுதான் சொல்ல வருகிறேன். ஹீரோ இயக்குநரானால் மார்க்கெட்டும் கூடவே வரும். நந்திதா மாதிரி நல்ல நடிகை என்று பெயர் எடுத்தவர் இயக்குநரானால் மரியாதை மட்டும் வரும். மரியாதையை வைத்து ஃபைனான்ஸ் வாங்க முடியாது.

வாங்க முடிவது ஒன்றுதான், மற்ற நடிகர்களின் நேரம். ‘மண்ட்டோ’வில் நவாசுதீன் ஒரு ரூபாய் சம்பளத்துக்கு நடித்ததாகச் சொன்னார். ரிஷி கபூர், பரேஷ் ராவல், ஜாவேத் அக்தர் எல்லாம் சின்னச் சின்ன வேடங்களில் வந்துபோனார்கள். ‘ஃபிராக்’ சமயத்தில் நவாசுதீனை யாருக்கும் தெரியாது. பத்து வருஷத்தில் பெரிய ஆளாகித் திரும்பி வந்து தலைப்பு வேடம் செய்தார்.

‘மண்ட்டோ’: எனக்கு முழு திருப்தி இல்லை

சாதத் ஹசன் மண்ட்டோ, பிரிவினை பற்றி உருதுவில் மிகக் கூர்மையாக எழுதியவர். தமிழிலும் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறார். ஆபாசம் என்று ஆறு முறை வழக்கு. பம்பாய் சினிமாவில் வசதியாக இருந்தவர், 1948-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லாகூர் போனார். அங்கே குடியும் கடனும். 42 வயதில் மரணம்.

படம் 1946-ல் இருந்து நாலைந்து ஆண்டுகளைக் காட்டுகிறது. அவர் வாழ்க்கைக்கு நடுவே அவருடைய ஐந்து கதைகள், முன்னறிவிப்பு இல்லாமல் காட்சியாக வந்துபோகும். எது வாழ்க்கை, எது கதை என்று ஒரு நொடி குழம்பும். அந்த உத்தி நன்றாகவே வேலை செய்கிறது. பம்பாயை விட்டு ஏன் போனார் என்பதற்கான அந்த ஒரு காட்சியும் அருமை. கலவரக் கதைகளைக் கேட்டுக் கொதித்த உயிர் நண்பன், நடிகர் ஷ்யாம், அந்த நிமிஷத்தில் உன்னையும்கூடக் கொன்றிருப்பேன் என்கிற மாதிரி பேசிவிடுகிறார். நட்பு முறியவில்லை. ஆனால் அதற்கு அப்புறம் அந்த ஊரில் இருக்க முடியவில்லை.

குறை என்னவென்றால், எழுத்தாளர் மேல் இயக்குநருக்கு அளவுக்கு மீறிய மரியாதை. மண்ட்டோ குடும்பத்துக்குச் செய்த கொடுமையைப் படம் காட்டுகிறது, ஆனால் கையுறை போட்டுக்கொண்டு. மனைவி சஃபியாவாக ரசிகா துகல் பேசாமலே சொல்வதைப் படமும் தைரியமாகச் சொல்லியிருக்கலாம்.

2018 மே மாதம் கான் விழாவில் ‘அன் செர்ட்டன் ரிகார்ட்’ பிரிவில் திரையிடப்பட்டது. செப்டம்பர் 21-ல் இந்திய ரிலீஸ். முதல் நாள் காலைக் காட்சிகளே தொழில்நுட்பக் கோளாறால் பல இடங்களில் ரத்து. பாகிஸ்தானில் தணிக்கை அனுமதியே கிடைக்கவில்லை. மண்ட்டோ உயிரோடு இருந்தபோதும் இதே கதைதான்.

‘ஸ்விகாட்டோ’: நம்ம வாசலில் நிற்கும் ஆள்

இது நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் படம். ஸ்விக்கி, ஸொமேட்டோ இரண்டையும் சேர்த்துச் செய்த பெயர். புவனேஸ்வரில் நடக்கும் கதை. மானஸ் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கோவிட் காலத்தில் வேலை போகிறது. பைக்கை எடுத்துக்கொண்டு ஃபுட் டெலிவரிக்கு வருகிறான். மனைவி பிரதிமாவும் வெளியே வேலை தேடிக் கிளம்புகிறாள்.

மானஸாக நடித்தது கபில் சர்மா. இந்தி டிவியின் நம்பர் ஒன் காமெடியன். அவர் வாயைத் திறந்தாலே நாடு சிரிக்கும். அவரைக் கூப்பிட்டு வாயை மூடி ஓரமாக நிற்க வைத்திருக்கிறார் நந்திதா. இது துணிச்சலான தேர்வு, பலனும் தந்திருக்கிறது. நாலு ஸ்டார், மூணு ஸ்டார் என்று யாரோ போடும் ரேட்டிங்குக்காக அந்த முகம் வாங்கி வைத்துக்கொள்ளும் சிரிப்பை வேறு நடிகர் தந்திருக்க முடியுமா தெரியவில்லை. பிரதிமாவாக ‘ஃபிராக்’கின் முனீரா, ஷஹானா கோஸ்வாமி. படத்தின் உண்மையான பலம் அவர்தான் என்பேன்.

இங்கேயும் ‘அதுக்கு அப்புறம்’தான். லாக்டவுன், ஊருக்கு நடந்து போனவர்கள், மூடிய தொழிற்சாலை எல்லாம் படத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம். ‘ஃபிராக்’கில் கோபப்பட ஒரு மனிதன் இருந்தான். பக்கத்து வீட்டுக்காரனோ, கணவனோ. இங்கே முதலாளி ஒரு ஆப். ஐடியை பிளாக் பண்ணிவிட்டால் யாரிடம் போய்க் கத்துவது? வீதி நாடகத்தில் இருந்து வந்த ஒருவருக்கு இது கஷ்டமான சவால். தொழிற்சாலை வாசலில் நாடகம் போடலாம், ஏனென்றால் அங்கே வாசல் இருக்கிறது. ஆப்புக்கு வாசல் எங்கே? படம் சில இடங்களில் தடுமாறுவதும், கோபம் எங்கே போய்ச் சேர்வது என்று தெரியாமல் சோர்வாக முடிவதும் இதனால்தான். அந்த வேலையே அப்படித்தானே என்றால், அதுவும் சரிதான்.

இந்தியாவில் இப்படி வேலை செய்பவர்கள் 2020-21-ல் 77 லட்சம் பேர், 2029-30-ல் 2.35 கோடி ஆவார்கள் என்பது நிதி ஆயோக் 2022-ல் தந்த கணக்கு. ‘ஸ்விகாட்டோ’ தியேட்டருக்கு வந்து நாலு மாதத்தில், 2023 ஜூலையில், ராஜஸ்தான் சட்டமன்றம் இவர்களுக்கென்று தனிச் சட்டம் நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு சுதந்திர தின உரையில் முதல்வர் ஸ்டாலின் தனி நலவாரியம் அறிவித்தார். படத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் முழுநீள இந்திப் படம் ஒன்று இந்த வேலையையே மையமாக வைத்துப் பேசியது இதற்கு முன்னால் அபூர்வம்.

எங்கிருந்து தொடங்கலாம்?

நடுவில் ஒரு குறும்படமும் உண்டு. 2020 லாக்டவுனில் வீட்டிலேயே எடுத்த ‘லிசன் டு ஹெர்’, குடும்ப வன்முறை பற்றியது. சில நிமிடம்தான். அவரே நடித்து இயக்கியது.

முழுப் படம் என்றால் வெளியான வரிசையிலேயே போங்க. ‘ஃபிராக்’ இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதில் ஆரத்தி அடுப்படியில் நிற்கும் காட்சிகளில் அவள் கையைக் கவனியுங்க. கையில் சூட்டுத் தழும்பு. சமைக்கும்போது பட்டது என்று முதலில் நினைப்போம். எண்ணெயை அவளே எடுத்து ஊற்றிக்கொள்கிறாள்.